மூன்று மா நிலமும் ஒரு கோணல் வரிசையும்

2006ஆம் ஆண்டு அக்டோபர் 18, புதன்கிழமை முற்பகலில், செங்கழனித்திடல் சிவன் கோயிலுக்குச் சொந்தமான மூன்று மா நஞ்சையைப் பார்வையிட வந்த கோயில் கணக்கர் திரு. பஞ்சநதம் சாலையை விட்டு இறங்கவில்லை. வரப்பில் கால் வைக்கவில்லை. குத்தகைதாரரை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. நட்டுச் சில நாட்களே ஆன பயிர் வேர்பிடித்து நின்ற அந்த வயலை, சைக்கிளில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றபடி, "தரிசு, சாகுபடி இல்லை" என்று எழுதிக்கொண்டு போனார். இது முதல் குற்றச்சாட்டு. அடுத்த ஆண்டும் அதே வயலை அவர் அப்படியே எழுதினார். முதல் ஆண்டு எழுதியது பிழை. இரண்டாம் ஆண்டு எழுதியது பொய். இது இரண்டாம் குற்றச்சாட்டு. இந்த இரண்டு பதிவுகளையும் காரணம் காட்டி, 1973 முதல் அந்நிலத்தை உழுதுவரும் குடும்பத்தை வெளியேற்றக் கோயில் அலுவலகம் ஆணை கேட்டிருக்கிறது. இது மூன்றாவது.

குத்தகைதாரர் பெயர் கண்ணாத்தாள், தகப்பனார் பெயர் மருதையன். அலுவலகக் கோப்பில் அவரைப் பற்றி இருப்பது இவ்வளவே. ஒருவரை நிலத்தை விட்டு இறங்கச் சொல்வதற்கு முன் அவர் யார் என்று தெரிந்துகொள்வது முறை. அந்த முறை பின்பற்றப்படாததால் விவசாயிகள் சங்க மலரில் இதை நான் எழுத வேண்டியிருக்கிறது. நானும் கண்ணாத்தாளும் இருபத்தைந்து ஆண்டுகளாக ஒரே நடவுக் குழுவில் வேலை செய்கிறோம். இங்கே சொல்லப்படுபவற்றுக்குத் தாள் உள்ளவற்றைத் தாளைப் பார்த்து எழுதியிருக்கிறேன். தாள் இல்லாதவற்றை நான் கண்ணால் கண்டேன். அல்லது கண்டவர்கள் வாயால் கேட்டேன்.

மருதையன் பண்ணையாளாக இருந்தவர். கோயில் நிலத்தை மிராசுதார் ஒருவர் தம் பெயரில் குத்தகைக்கு எடுத்து, எழுத்து எதுவும் இல்லாமல் மருதையனிடம் உழவுக்கு விட்டிருந்தார். உழுகிறவர் பெயரையே பதிவு செய்யலாம் என்று சட்டம் வந்தபோது, எங்கள் ஊரில் மனுக் கொடுத்தவர்கள் ஆறு பேர். மனுக் கொடுத்தவர்களின் நாற்றங்கால்களில் பட்டப்பகலில் மாடுகள் இறக்கிவிடப்பட்டன. ஐந்து பேர் மனுவைத் திரும்பப் பெற்றார்கள். மருதையன் பெறவில்லை. மாடு மேய்ந்ததுபோக மீந்த நாற்றைப் பறித்து வந்தார். கொத்துக் கொத்தாக நட்டால் கால் வயலுக்கும் காணாது என்பதால், ஒவ்வொரு நாற்றாகப் பிரித்து, தள்ளித் தள்ளி நட்டார். அப்போது பதினைந்து வயதுப் பெண்ணாக இருந்த கண்ணாத்தாளும் அவருடன் நட்டார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அந்த வயல் விளைந்தது. அமோகமாக விளைந்தது என்று நான் சொல்லவில்லை. குடும்பம் ஊரை விட்டுப் போகாமல் இருக்கப் போதுமான அளவு விளைந்தது. மருதையன் பெயர் பதிவேறியது. அவர் இறந்தபின் வாரிசு முறையில் கண்ணாத்தாள் பெயருக்கு மாறியது.

கண்ணாத்தாளின் கணவர் கண்ணுசாமி பட்டுக்கோட்டைப் பக்கத்தவர், தென்னை ஏறுபவர். மாமனார் வீட்டோடு வந்து தங்கிய மாப்பிள்ளை. அதைப் பற்றி யாராவது கிண்டல் செய்தால், "பொண்ணுங்கதான் பொறந்த வீட்ட விட்டு வரணுமா? நான் வந்தேன். அழுதுக்கிட்டேதான் வந்தேன்" என்பார். மனைவியின் வேலைகளில் அவர் கேலி பேசாமல் விட்டது ஒன்றும் இல்லை. கூட நின்று செய்யாமல் விட்டதும் ஒன்றும் இல்லை.

2004ஆம் ஆண்டு. ஆற்றில் தண்ணீர் தாமதமாக வந்தது. குறுவை கிடையாது, சம்பாவாவது தேறட்டும் என்று எல்லோரும் அவசரப்பட்ட ஆண்டு. நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஹபீபுன்னிசா என்பவரின் வயலுக்கு எங்கள் குழு நடவுக்குப் போனது. அவர் கணவர் மலேசியாவில் கடை வைத்திருந்தார். விவசாயம் முழுவதும் ஹபீபுன்னிசா கையில். நாங்கள் போய் நாற்றைப் பார்த்ததும் நின்றுவிட்டோம். வாழை மட்டை ஓரம் கட்டிய சிறு பாத்தியில், விரல் நீளத்துக்கு, பாய் விரித்ததுபோல முளைத்திருந்தது. நாங்கள் நடுகிற நாற்றில் பாதி வயதுகூட அதற்கு ஆகவில்லை.

"என்னாங்க பாயம்மா," என்றார் கண்ணாத்தாள், "நாத்து இன்னும் பால்குடியே மறக்கல. அதுக்குள்ள தாய்கிட்டேருந்து பிரிக்கச் சொல்றீங்க?"

"பால்குடி மறக்குறதுக்கு முன்னாடிதான் நடணும். ஒண்ணு ஒண்ணா. கொத்தா வெக்கக் கூடாது. இந்தா, கயித்துல முடிச்சுப் போட்டிருக்கேன். முடிச்சுக்கு ஒண்ணு."

"முடிச்சுக்கு ஒண்ணா நட்டா நாங்க பொங்கலுக்குத்தான் ஊரு போய்ச் சேருவோம்," என்றார் எங்களில் ஒருவர். சிரிப்பு எழுந்தது.

"நான் மட்டும் பைத்தியம் புடிச்சா சொல்றேன்? என் தங்கச்சி ஆமினா வயல்ல போன வருஷம் பாத்தேன். நானும் இப்படித்தான் சிரிச்சேன். அறுப்பப்ப அவ சிரிச்சா."

எங்களில் பாதிப் பேர் வரப்பிலேயே நின்றார்கள். கண்ணாத்தாள் புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினார். ஏன் நீ மட்டும் இறங்குகிறாய் என்று நான் கேட்டேன்.

"எங்கப்பா இப்படி நட்டுப் பாத்திருக்கேன் சகாயக்கா. அது மாடு மேஞ்சதால. இந்தம்மா மாடு மேயாமலே நடுது. என்னான்னு பாத்துருவோமே."

அதன்பிறகு அந்த வயலை அவர் விடவில்லை. ஹபீபுன்னிசா வீட்டில் வேலை இல்லாத நாளிலும், ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு போய் வரப்பில் நின்றுவிட்டு வருவார். தனியாக நின்ற நாற்று பக்கத்தில் போட்டியில்லாததால் விரிந்து தூர் கட்டியதைப் பார்த்தார். வயலில் தண்ணீர் தேங்கவிடாமல், மண் ஈரம் வற்றி மேலே மயிரிழைபோல வெடிக்கத் தொடங்கும்போது மட்டும் பாய்ச்சுவதைப் பார்த்தார். களையைப் பிடுங்கிக் கரையில் எறியாமல், உருளைக் கருவியைத் தள்ளிச் சேற்றிலேயே அமுக்கி எருவாக்குவதைப் பார்த்தார். பார்த்ததோடு நிற்கவில்லை, சண்டையும் போட்டார்.

"பாயம்மா, உங்க நெலம் மேட்டுல இருக்கு, சொன்னா வடியும். எங்க நெலம் பள்ளம். ஐப்பசியில வானம் ஊத்துனா இந்தப் பொடி நாத்து முழுகிச் செத்துப்போவும்."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"நாலஞ்சு வரிசைக்கு ஒரு கால் எடுத்து மூலைக்கு வடியவிட்டா நிக்கும்னு தோணுது. உங்க தாழ்ந்த மூலையில எடுத்துப் பாக்கட்டுமா? செத்தா உங்க பயிருதான்."

"ரொம்பத் தாராளம்தான் உனக்கு," என்றார் ஹபீபுன்னிசா. ஆனால் எடுக்கவிட்டார். அந்த மூலை செத்துப்போகவில்லை. அடுத்த ஆண்டு ஹபீபுன்னிசாவும் ஆமினாவும் தங்கள் பள்ள வயல்களில் வடிகால் எடுத்தே நட்டார்கள். ஆகவே, கண்ணாத்தாள் கற்றுக்கொண்டார் என்று மட்டும் எழுதினால் அது முழு உண்மையாகாது. கொடுக்கவும் செய்தார்.

இரண்டு சம்பாவும் பார்த்துவிட்டு, 2006இல் தம் மூன்று மாவில் இறங்கினார். ஏறக்குறைய ஓர் ஏக்கர் உள்ள அந்த நிலம் முழுவதிலும் பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதார். மூட்டைக் கணக்கில் விதைநெல் வேண்டிய இடத்தில் ஒரு முறம் விதைநெல் போதுமானதாக இருந்தது. கண்ணுசாமி தென்னங்கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். நாங்கள் குழுவாக நட்டோம். மாலையில் கரையேறி வயலைத் திரும்பிப் பார்த்த கண்ணுசாமி சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "இந்தா புள்ள, மொட்டைத் தலைக்கு வகிடு எடுத்த மாதிரி இருக்கு. கோடு தெரியுது, முடியக் காணும்."

கேலியாகச் சொன்னாலும் அது உண்மை. பழைய முறையில் கொத்தாக நட்ட வயல் நட்ட அன்றே பச்சையாகத் தெரியும். ஒற்றை நாற்று வயல் முதல் மூன்று வாரம் சாலையிலிருந்து பார்த்தால் சேறும் ஈரமும் மட்டுமே. இறங்கி நின்று குனிந்தால்தான் பயிர் கண்ணுக்குப் படும். பஞ்சநதம் அந்த மூன்று வாரத்துக்குள் வந்தார். குனியவில்லை. தரிசு நிலங்களைக் கண்டுபிடித்து எழுதச் சொல்லி எல்லா அலுவலகங்களிலும் பேச்சாக இருந்த ஆண்டு அது. அவர் கண் தரிசையே தேடிக்கொண்டு வந்திருக்க வேண்டும். வாய்க்காலில் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்த கண்ணுசாமி, கணக்கர் நின்று எழுதிவிட்டுப் போவதைத் தொலைவிலிருந்து கண்டார். ஏதோ விளைச்சல் கணக்கு எடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். முதல் ஆண்டு நடந்ததை நான் பிழை என்று மட்டுமே குறிப்பிடுவது இதனால்தான்.

பிழையைத் திருத்த வாய்ப்பும் அவருக்குத் தரப்பட்டது. நவம்பரில் அறிவிப்பு வந்தது. "நிலத்தைச் சாகுபடி செய்யாமல் தரிசாகப் போட்டதால் குத்தகை உரிமையை ஏன் ரத்து செய்யக் கூடாது" என்று அதில் கேட்டிருந்தது. கண்ணாத்தாள் வயலில் இறங்கி ஒரு தூரை மண்ணோடு பெயர்த்து, அலுமினிய அன்னக்கூடையில் வைத்து, பேருந்தில் மடியில் ஏந்திக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். நானும் போனேன். அன்னக்கூடையைப் பஞ்சநதத்தின் மேசையில் வைத்தார். ஒற்றை நாற்றிலிருந்து கிளைத்த தூர். இரண்டு கை சேர்த்தால்தான் பிடிக்க முடியும்.

"எடும்மா அதை, ஃபைல்ல சேறு படுது."

"படட்டுங்க. வயலுக்கு வந்திருந்தா உங்க கால்ல பட்டிருக்கும். நீங்க வரல, அதான் நான் கொண்டாந்தேன்."

பஞ்சநதம் தூரைப் பார்த்தார். பிறகு சன்னலைப் பார்த்தார். "நோட்டீஸ் கண்ட பிறகு அவசரமா நட்டிருக்கீங்க. அது செல்லாது."

"நோட்டீஸ் வந்து நாலு நாளாவுது. நாலு நாள்ல இவ்வளவு தூர் கட்டுனா நீங்க என்னைய நெலத்த விட்டுத் தொரத்தக் கூடாதுய்யா. எனக்குக் கோயில் கட்டிக் கும்பிடணும்."

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். பஞ்சநதம் சிரிக்கவில்லை. செய்த பிழை சிரிப்பாகிவிட்டது. அந்த இடத்தில்தான் அவர் திருத்துவதில்லை என்று முடிவு செய்தார் என்பது என் கருத்து. கருத்து என்றே குறிப்பிடுகிறேன்.

மார்கழியில் வயல் நடுவே ஒரு பலகை நடப்பட்டது. "இந்நிலம் திருக்கோயிலுக்குச் சொந்தமானது. அத்துமீறிப் பிரவேசிப்போர் தண்டிக்கப்படுவர்." கதிர் பால் பிடிக்கும் பருவம், குருவி அதிகம். கண்ணுசாமி தம் கிழிந்த சட்டையை அந்தப் பலகையில் மாட்டி, மேலே ஒரு பானையைக் கவிழ்த்தார். குருவி வருவது குறைந்தது. "கோயில் செலவுல காவல் பொம்மை," என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். தை பிறந்தபின் கண்ணாத்தாள் அறுத்தார். தடுக்க வந்த ஊழியர் இருவர், வரப்பில் நின்ற நாற்பது ஐம்பது பெண்களைப் பார்த்துவிட்டு, பலகையில் இருந்த சட்டையை மட்டும் கழற்றி எறிந்துவிட்டுப் போனார்கள்.

அந்த அறுப்பைப் பார்க்க வந்தவர்கள்தாம் அதன்பின் கேட்க வந்தார்கள். கண்ணாத்தாள் கூட்டம் போட்டுப் பேசுபவர் அல்லர். கேட்டவர்களிடம் ஒரு நிபந்தனை வைத்தார். கற்றுக்கொள்ள விரும்புபவர் முதலில் இன்னொருவர் வயலில் தம் கையால் ஒரு வரிசை நட வேண்டும். பிறகுதான் தம் வயலில் நடலாம். கற்றவர் அடுத்து வருகிறவருக்குத் தம் வயலில் ஒரு வரிசை ஒதுக்கி வைக்க வேண்டும். வரப்பில் நின்று பார்த்தால் வராது; விரலுக்குத் தெரிந்தால்தான் வரும் என்பது அவர் வாதம். கண்ணுசாமி இதற்கு 'வரிசை மொய்' என்று பெயர் வைத்தார். கல்யாண வீட்டில் வைத்த மொய் திரும்பி வருவதுபோல இதுவும் வரும் என்றார். பெயர் நிலைத்துவிட்டது. அந்த ஆண்டு சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பலர் வந்து நட்டுப் போனார்கள். திருக்கடையூர்ப் பக்கத்திலிருந்து ஜெகபர் அலி என்பவர் வந்து, உவர் மண்ணுக்கு இது தாங்காது என்று ஒரு பகல் முழுவதும் வாதாடிவிட்டு, ஒரு வரிசை நட்டுவிட்டு, வேப்பம்புண்ணாக்கை எப்போது இட வேண்டும் என்பதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்.

இராஜாங்கம் வந்ததும் அப்படித்தான். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆட்சி மாறும்போதெல்லாம் வேட்டியின் கரையை மட்டும் மாற்றிக்கொண்டு அதே நாற்காலியில் உட்காரத் தெரிந்தவர். செங்கல் சூளை வைத்திருப்பவர். கண்ணாத்தாளின் மூன்று மா சாலையை ஒட்டியது. மண் எடுக்கவும் லாரி திருப்பவும் தோதானது. 2007 ஆடியில், வெளியேற்ற ஆணை எதுவும் இல்லாமலே அந்நிலத்தைக் கோயில் ஏலத்தில் விட்டபோது, குத்தகையை எடுத்தவர் இராஜாங்கம். குத்தகைதாரர் இறங்காததால் நிலம் அவர் கைக்கு வரவில்லை. அவருக்குச் சொந்த நிலமும் சாலைக்கு எதிர்ப்புறம் உண்டு. அதில் ஒற்றை நாற்று நட வேண்டும் என்ற ஆசையும் உண்டு. ஒரு முறம் விதைநெல்லில் வயல் முடிவதைப் பார்த்தவர் அல்லவா? புரட்டாசிக் கடைசியில், வெட்கமில்லாமல், எங்கள் குழுவை அழைக்கக் கண்ணாத்தாள் வீட்டுக்கே வந்தார்.

"நடுறோம்ண்ணே. கூலி கொடுத்தா நடுறதுக்கென்ன? ஆனா மொய் வெச்சாவணும். நாளைக்கு என் வயல்ல நடவு. வந்து ஒரு வரிசை நட்டுட்டுப் போங்க."

"நானா? சேத்துலயா?"

"எல்லாருக்கும் அதான்."

இராஜாங்கம் சிரித்தார். "சரி வர்றேன். எப்படியும் நாளைக்கு என் கைக்கு வரப்போற வயலுதானே. ஒத்திகைன்னு வெச்சுக்குறேன்."

"ஒத்திகைதான் உங்களுக்கு. நாடகம் நடக்காது," என்றார் கண்ணாத்தாள்.

அவர் போனதும் நான் கோபப்பட்டேன். நிலத்தைப் பிடுங்க வருபவனுக்கு ஏன் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். "கத்துக்கிட்டா அவன் வயல்லயும் தண்ணி மிச்சம். அவன் வயலுக்கு அப்பால மடையில தண்ணி வராம நிக்கிற ஏழு பேரு இருக்காங்க. அவனுக்காவா சொல்லிக் கொடுக்குறேன்?" என்றார்.

மறுநாள் இராஜாங்கம் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கயிற்றைப் பார்க்காமல் எங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டே நட்டார். முடித்துக் கரையேறியபோது அந்த வரிசை, வடகிழக்கே கிளம்பித் தெற்கே திரும்பி, அடுத்த வரிசையை முட்டப் போய் விலகி நின்றது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டோம். பிடுங்கி நடலாமா என்று ஒருத்தி கேட்டதற்கு, "வேணாம், அவரு வெச்ச மொய்யி, இருக்கட்டும்," என்றார் கண்ணாத்தாள். அடுத்த நாள் அதே நாற்றங்காலின் மிச்சத்தைக் கொண்டு, அதே கைகளால், சாலைக்கு எதிரே இராஜாங்கத்தின் வயலை நட்டுக்கொடுத்தோம்.

அக்டோபர் 22, திங்கட்கிழமை பஞ்சநதம் வந்தார். இம்முறை நாங்கள் காத்திருந்தோம். பார்வையிட வருமாறு முன்கூட்டியே பதிவுத் தபால் அனுப்பியிருந்தோம். ஊரில் பெரும்பாலோர் சாலையில் நின்றார்கள். எதிர் வயலில் தண்ணீர் பார்த்துக்கொண்டிருந்த இராஜாங்கமும் என்ன கூட்டம் என்று மேலே ஏறி வந்தார்.

"அய்யா, அந்தப் பக்கம் பாருங்க," என்று கண்ணாத்தாள் இராஜாங்கத்தின் வயலைக் காட்டினார். "அது என்ன?"

"அது இராஜாங்கம் அய்யா வயலு. ஒத்தை நாத்து நடவு. இப்ப எல்லாரும் பண்றாங்களே." பஞ்சநதத்தின் குரலில் அறிந்தவரின் மிடுக்கு இருந்தது.

"பயிரு இருக்கா?"

"இருக்கும்மா. சின்னதா இருக்கு. கோடு கோடா தெரியுதுல்ல?"

"இப்ப இந்தப் பக்கம் திரும்புங்க. இது என்ன?"

பஞ்சநதம் திரும்பினார். "இது... தரிசு."

கூட்டத்தில் யாரோ சீழ்க்கை அடித்தார்கள். கண்ணுசாமி முன்னே வந்தார். "அய்யா, அங்க கோடு தெரியுது, இங்க தெரியலையா? கண்ணாடி வேணும்னா தர்றேன், எம் பொண்டாட்டிது."

"அங்க நேரா இருக்கு!" பஞ்சநதத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "இங்க பாரு, அந்த வரிசை எங்கேயோ கெளம்பி எங்கேயோ போவுது. இது ஒரு நடவா? எந்தக் கண்ணு தெரியாதவன் நட்டான் இதை?"

கூட்டத்துக்குள்ளிருந்து இராஜாங்கத்தின் குரல் கேட்டது.

"யோவ் கணக்கரே! வார்த்தைய அளந்து பேசும். நான்தான்யா நட்டேன்!"

சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. கண்ணாத்தாள் மட்டும் சிரிக்கவில்லை. "கேட்டுக்குங்க எல்லாரும்," என்றார். "கணக்கரு வரிசையப் பாத்தாரு. அண்ணன் நட்டேன்னு சொன்னாரு. எழுதுங்கய்யா இப்ப. என்ன எழுதப் போறீங்க?"

பஞ்சநதம் எழுதவில்லை. அலுவலகத்தில் போய் எழுதிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்படி நான் நகல் வாங்கியபோது தெரியவந்தது: இராஜாங்கத்தின் வயல், "சம்பா நடவு, நல்ல நிலை." கண்ணாத்தாளின் வயல், "தரிசு, சாகுபடி இல்லை." அன்று சாலையில் நின்றவர்கள் அனைவரும் நேரில் அறிந்திருந்ததற்கு அது கூடுதலாக எதையும் சொல்லவில்லை, அவர் துணிந்துவிட்டார் என்பதைத் தவிர.

வெளியேற்ற மனு மீது விசாரணை நடந்தது. இராஜாங்கம் தாம் அந்த வயலில் கால் வைத்ததே இல்லை என்று சொன்னார். நான் சாட்சி சொல்லப் போனேன். கண்ணாத்தாள் என்னைச் "சகாயக்கா" என்று கூப்பிட்டதைக் கேட்டுவிட்டு, அலுவலகத் தரப்பில் நாங்கள் உடன்பிறந்தவர்கள் என்று ஆட்சேபம் எழுப்பி, உறவினர் சாட்சி என்று என் வாக்குமூலத்தை ஒதுக்கச் செய்தார்கள். நான் பெரியகோட்டகத்து மரியஅந்தோணியின் மகள். ஞானஸ்நானச் சான்றிதழ் இருக்கிறது. அவர் செங்கழனித்திடல் மருதையனின் மகள். ஊரில் வயதில் மூத்தவளை அக்கா என்று கூப்பிடுவது உறவுமுறைச் சான்று ஆகுமானால், இந்தத் தாலுகாவில் யாரும் யாருக்கும் சாட்சி சொல்ல முடியாது. பஞ்சநதத்தை விசாரணையில் நான் "அண்ணே" என்றுதான் விளித்தேன். அவருடைய சாட்சியத்தை யாரும் ஒதுக்கவில்லை.

இந்தத் தையிலும் கண்ணாத்தாள் அறுத்துவிட்டார். ஆணை வருவதற்கு முன்பே, நிலத்தை ஒப்படைக்கும்படி கோயில் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அதை வாங்கிக்கொண்ட பிறகு, தக்கைப்பூண்டு விதை கேட்டு ஹபீபுன்னிசாவுக்குச் சொல்லி அனுப்பினார். விதை வந்துவிட்டது. கோடை மழை பெய்தால் விதைப்பார். பயப்படவில்லையா என்று நான் கேட்டேன். "பயமாத்தான் இருக்கு," என்றார். "அதுக்காவ நெலம் சும்மா கெடக்கணுமா? சும்மா போட்டாத்தான் அவங்க எழுதுனது உண்மையாவும்."

இச்சங்க மலரின் பிரதி ஒன்று, ஒப்புகை அட்டையுடன் கூடிய பதிவுத் தபாலில் கோயில் செயல் அலுவலருக்கு அனுப்பப்படுகிறது. அவர் விடை தர வேண்டிய கேள்விகள் இவை. ஒரே நாற்றங்காலின் நாற்று, ஒரே கைகளால், அடுத்தடுத்த நாட்களில், ஒரு சாலையின் இரு பக்கமும் நடப்பட்டிருக்க, ஒரு பக்கம் பயிராகவும் மறு பக்கம் தரிசாகவும் ஆனது எப்படி? கண்ணாத்தாளின் வயலில் பயிர் இல்லையென்றால், உங்கள் கணக்கர் ஊரார் முன்னிலையில் கோணல் என்று குறை சொன்ன வரிசை எதனுடைய வரிசை? இருந்ததென்றால், அந்தப் பதிவை நீக்கி, வெளியேற்ற மனுவைத் திரும்பப் பெறாதது ஏன்? நேரில் வந்து பேசச் சொல்லி ஆள் அனுப்ப வேண்டாம். இரண்டு முறை வந்து பேசியாயிற்று. தொலைபேசியும் வேண்டாம். முப்பது நாட்களுக்குள், அலுவலக முத்திரையுடனும் கையொப்பத்துடனும், கண்ணாத்தாள், தகப்பனார் பெயர் மருதையன், பதிவுபெற்ற குத்தகைதாரர், செங்கழனித்திடல் என்ற முகவரிக்கு, எழுத்துமூலம் பதில் தர வேண்டும்.